நெட் வரவில்லையா? முதலில் பெட்டியைப் பாருங்கள்!

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் வால்வைத் திருகிப் பார்க்கிறோம். தொட்டியே காலி என்றால் மோட்டார் போடுகிறோம். மோட்டாரும் ஓடவில்லையா, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். இதற்கெல்லாம் நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் வீட்டில் நெட் நின்றுவிட்டால் மட்டும், "அவர் வரட்டும்", "பையன் வந்து பார்ப்பான்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து விடுகிறோம். ஏனாம்?

இரண்டும் ஒரே மாதிரி வேலைதான், சகோதரிகளே! தெருவிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. அது வீட்டிலுள்ள வைஃபை பெட்டியில் நுழைகிறது. பெட்டியிலிருந்து காற்று வழியாக செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் போகிறது. கேபிள், பெட்டி, காற்று, கருவி. இந்த நாலில் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால், நாமே சரி செய்யலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

நாங்கள் குடியிருப்பது ஏற்காடு அடிவாரத்தில். என் வீட்டுக்காரருக்கு மலை மேல் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. காலையில் பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும். பெரியவள் காலேஜ், சின்னவன் பத்தாவது. பகலில் நெட் நின்றால் பார்க்க நான் ஒருத்திதான். அதனால் பெட்டி மாட்ட வந்த கேபிள் தம்பியிடம் அன்றைக்கே ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டுக் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டேன். "இதெல்லாம் யாருங்க்கா கேக்கறாங்க!" என்று அந்தப் பிள்ளைக்கு ஒரே ஆச்சரியம். சொல்லிக் கொடுத்ததென்னவோ நன்றாகத்தான்.

முதல் வேலை, பிளக்கைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு நேர்ந்த கஷ்டம் இந்த பிளக்கில்தான் ஆரம்பித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். செல்போன் சார்ஜ் போடவோ, இஸ்திரி போடவோ வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியவர்கள் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். சுவிட்ச் போட்டிருந்தும் எரியவில்லை என்றால், அதே பிளக் பாயிண்ட்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்தால் கெட்டுப்போனது பெட்டியின் அடாப்டராக இருக்கலாம். பெட்டியை விட அடாப்டர்தான் சீக்கிரம் உயிரை விடும். ஆனால் அவசரத்துக்கு டிவி பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கி இதில் செருகிவிடாதீர்கள். முனை ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வரும் வோல்ட் வேறாக இருக்கும். அடாப்டர் மேல் பொடி எழுத்தில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எதையாவது அச்சடித்திருப்பார்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கொஞ்சம் கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கடைக்குப் போகும்போது பழைய அடாப்டரைக் கையோடு கொண்டு போங்கள்.

விளக்குகள் எரிகின்றன, நெட் மட்டும் இல்லையா? இப்போதுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடி இழைக் கேபிள் வரும் பெட்டிகளில் எல்.ஓ.எஸ். என்று மூன்று எழுத்துப் போட்ட ஒரு விளக்கு இருக்கும். நல்ல நாளில் அது எரியாது. அது சிவப்பாக எரிந்தாலோ, சிமிட்டினாலோ, தெருவிலிருந்து வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் பி.ஓ.என். என்று ஒன்று. அது பச்சையாக நின்று எரிந்தால் கேபிள் சரி. இரண்டும் நன்றாக இருந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் எரியாமலோ சிவந்தோ இருந்தால் பணம் கட்டும் தேதி தாண்டியிருக்கலாம், அல்லது கம்பெனிப் பக்கம் கோளாறாக இருக்கலாம். பெட்டிக்குப் பெட்டி விளக்கின் பெயரும் நிறமும் கொஞ்சம் மாறும். அதனால் எல்லாம் நன்றாக ஓடும் நாளில் பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

எல்.ஓ.எஸ். சிவந்திருந்தால் முதலில் பெட்டிக்குள் நுழையும் அந்த மெல்லிய வயரைப் பாருங்கள். பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளையாக இருக்கும். அதற்குள் ஓடுவது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. தாமிரக் கம்பியில் கரண்ட் ஓடுகிற மாதிரி இதில் வெளிச்சம் ஓடுகிறது. கொடிக் கயிறு மாதிரி இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினால் வெளிச்சம் திரும்ப வழியில்லாமல் சிதறிப் போகும். ஒரு டம்ளர் வாயை விடச் சின்ன வளையமாக அதைச் சுருட்டக் கூடாது. பீரோவை நகர்த்தியதில் நசுங்கியிருக்கிறதா, வீட்டைப் பெருக்கும்போது இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் முனையைக் கழற்றி ஈரத் துணியால் துடைக்கும் வேலை வேண்டாம். குழந்தைகள் அதைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் கெடுதல் இல்லை என்று ஆகிவிடாது.

(இப்படி இழையில் வெளிச்சத்தை வளைத்துக் கொண்டு போகலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர் நம் பஞ்சாபில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி. பத்ம விபூஷண் விருது அவர் காலமான பிறகு 2021-ல் அறிவிக்கப்பட்டது.)

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது. எதிர்வீட்டில் கேளுங்கள். ஒரே கம்பெனி இணைப்பு வைத்திருந்து அவர்களுக்கும் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம். எங்கள் பக்கம் காரணத்துக்கா பஞ்சம்? காற்றில் மரக்கிளை முறியும். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவார்கள். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் கேபிளில் ஊஞ்சல் ஆடும். 2011 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டில் 75 வயதுப் பாட்டி ஒருவர் பழைய தாமிரக் கம்பி தேடி மண்வெட்டியால் தோண்டியதில் கேபிள் அறுந்து, பக்கத்து ஆர்மீனியா நாட்டில் பல மணி நேரம் நெட் இல்லாமல் போனதாகச் செய்தி வந்தது. ஒரு நாட்டுக்கே அந்தக் கதி! நம் தெரு எம்மாத்திரம்? இந்த மாதிரி நேரத்தில் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. புகார் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

விளக்கெல்லாம் சரியாக இருந்தும் நெட் இழுக்கிறது, விட்டு விட்டு வருகிறது என்றால் அணைத்துப் போடுவது நல்ல வைத்தியம். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். மாதக் கணக்கில் ஓய்வில்லாமல் ஓடினால் அதுவும் திணறும். சுவிட்சை அணைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். போட்டதும் வந்துவிடாது; மூன்று நான்கு நிமிஷம் விடுங்கள். பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அணைத்தால் அது எழுந்திருக்கவே முடியாது.

ஆனால் ஒன்று! பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். ரீசெட் என்று எழுதியிருக்கும். ஹேர்பின்னை எடுத்து அதைக் குத்த வேண்டாம். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அதை அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர்கள் உள்ளே பதித்து வைத்த உங்கள் கணக்கு விவரம் எல்லாம் அழிந்துபோகும். பிறகு ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

சென்ற இதழில் மிக்ஸி பராமரிப்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஆத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "ஹாலில் நெட் பறக்கிறது, சமையலறையில் செல்போனில் சுத்திக்கிட்டே இருக்குது, ஏன்?" வைஃபை பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள், அம்மா? தூசி படாமல் இருக்கட்டும் என்று பீரோவுக்குப் பின்னாலோ, டிவிக்கு அடியிலோ பலர் வைத்து விடுகிறார்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர் நிறைந்த டிரம், கனத்த சுவர் எல்லாம் வைஃபைக்குத் தடை. வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சு உயரத்தில், திறந்த அலமாரியில் வையுங்கள். செல்போனில் உங்கள் வீட்டு வைஃபை இரண்டு பெயரில் தெரிந்தால், ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். அது செல்போன் கம்பெனிகளின் 5ஜி அல்ல. வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டத் தெம்பில்லாதது. ஹாலுக்கு அது, சமையலறைக்கு மற்றது. மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்கள், அது ஓடும்போது நெட் தடுமாறினால் பயப்பட வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அலையில் வேலை செய்வதால் அப்படி ஆகும்.

மாதக் கடைசியில் மட்டும் நத்தையாக ஊர்கிறதா? உங்கள் திட்டத்தில் இத்தனை ஜி.பி. வரைதான் முழு வேகம் என்று ஒரு வரம்பு இருக்கலாம். தாண்டினால் அடுத்த மாதம் வரை மெதுவாகத்தான் வரும். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாஸ்வேர்டைத் தானம் செய்திருந்தாலும் இதே கதைதான். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை என்கிறீர்களா? சர்க்கரை கேட்டால் கொடுங்கள். இது வேறு சமாச்சாரம். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

செல்போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் பெட்டியைத் தொட வேண்டாம். அடைப்பு கம்ப்யூட்டரில். வைஃபை அணைந்திருக்கிறதா, விமானப் படம் போட்ட பொத்தானைக் குழந்தை அழுத்திவிட்டதா என்று பாருங்கள். பாஸ்வேர்டைத் திரும்பப் போடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூஜ்யம், ஓ எல்லாம் வேறு வேறு. மறந்திருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் ஆரம்பப் பாஸ்வேர்ட் இருக்கும்.

இன்னொரு கோளாறு பலரைக் குழப்பும். வைஃபை வருகிறது, ஆனால் எதைத் திறந்தாலும் "பாதுகாப்பான இணைப்பு அல்ல" என்று பயமுறுத்தும். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போயிருக்கும்! தேதி தப்பினால் பாங்க் முதல் பரீட்சை விண்ணப்பம் வரை பல பக்கங்கள் திறக்காது. தேதியைத் திருத்துங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போட்ட பிறகும் பழைய தேதிக்கே போனால், உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டர் பலவற்றிலும் இருப்பது 2032 என்று எண் போட்ட செல். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. விலை அதிகமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டும். லேப்டாப் என்றால் கடையில் கொடுத்து விடுங்கள்.

கைக்குழந்தை, தவழும் குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். கழற்றிய பழைய செல்லை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லிலும் அந்த அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும்; வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்து வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். 108-க்குப் போன் செய்யலாம்.

பல வீடுகளில் இன்னும் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் அக்காளுக்குக் கிடைத்ததைத் தம்பி வைத்துக்கொண்டு உருட்டுவான். அது மெதுவாக இருந்தால் நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்க் நிறைந்து வழிகிறதா என்று பாருங்கள். கல்யாண வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கிடைத்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டரில் பாங்க் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம் போடக் கடைசி நாள். நெட் இல்லை. பதற்றத்தில் செல்போன் டேட்டாவைப் போட்டு, கம்பெனியின் பெயரோடு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தார். பேசியவன் தேன் மாதிரிப் பேசினான். "அம்மா, உங்க புகாரைப் பதிவு பண்ண 10 ரூபாய் மட்டும் கட்டுங்க. ஒரு லிங்க் அனுப்பறேன், அதில் இருக்கிற செயலியைப் போட்டுக்குங்க" என்றான். அந்தச் செயலி இவர் செல்போன் திரையை அப்படியே அவன் கண் முன் காட்டும் செயலி. பாங்கிலிருந்து வந்த ரகசிய எண்ணையும் அவனே படித்துக்கொண்டான். பத்து நிமிஷத்தில் 18,500 ரூபாய் போய்விட்டது. கொலுசுப் பட்டறை வேலையில் சேர்த்து வைத்த பணம். வீட்டில் திட்டு விழுமே என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பணம் கை மாறிப் போய்விட்டது. இவ்வளவுக்கும் அன்றைக்கு நெட் நின்றதற்குக் காரணம், இஸ்திரி போட யாரோ பிளக்கைப் பிடுங்கியதுதான்.

என்னிடம் வந்து, "அக்கா, எம் புத்திக்கு எட்டலீங்களே" என்று அழுதார். புத்தி இல்லாததனால் நடந்ததில்லை இது. இந்தத் திருடர்கள் பொய் எண்களை நெட்டில் பரப்பி வைத்துவிட்டு, பதறிப்போய் வருபவர்களுக்காகவே காத்திருக்கிறார்கள். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கம்பெனியின் எண்ணை பில்லில் பாருங்கள், அல்லது கம்பெனியின் சொந்தச் செயலியில் பாருங்கள். தேடிப் பிடித்த எண்ணுக்குப் போகாதீர்கள். நெட் ரிப்பேர் செய்ய உங்கள் பாங்க் ரகசிய எண் எவனுக்கும் தேவையில்லை. அப்படியும் பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள்; இணையக் குற்றங்களுக்கென்றே உள்ள எண். பாங்குக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. திட்டு வாங்குவதைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க, "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பேசவும்" என்று சைரன் அடித்தாலும் இதே ஜாதி வேலைதான். ஆல்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு எஃப் 4 அழுத்துங்கள். போகவில்லையா, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து விடுங்கள்.

புகார் கொடுக்கும்போது, "நெட் வரலைங்க" என்று மட்டும் சொன்னால், "அணைச்சுப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது, பக்கத்து வீட்டிலும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், மரியாதையே வேறு! புகார் எண்ணைக் கேட்டு வாங்கித் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது; அங்கேயும் இந்தப் புகார் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடைசியாக, இடி. சித்திரை, வைகாசியில் மத்தியானம் மலை மேல் கருக்கட்டினால் ஒரு மணி நேரத்தில் அடிவாரத்தில் இடி இறங்கும். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாதே, பயமென்ன என்று என் தம்பி கேட்டான். இழையில் பாயாது, ஆனால் கரண்ட் கம்பி வழியாக வந்து அடாப்டரில் நுழையுமே! தெருவிலிருந்து வரும் கேபிள் சிலவற்றில் பலத்துக்காக இரும்புக் கம்பியும் சேர்த்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டி, கம்ப்யூட்டர் இரண்டின் பிளக்கையும் உருவி விடுங்கள். அதையும் முதல் இடி கேட்கும் முன்பே செய்யுங்கள். இடி அடிக்கும்போது போய்ப் பிளக்கைப் பிடிக்கக் கூடாது. இடி ஓய்ந்து அரை மணி கழித்து மாட்டலாம். வெறும் கரண்ட் கட்டுக்கு மட்டும் நெட் நிற்கிறது என்றால், வைஃபை பெட்டிக்கென்றே கையகல யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.